அவன் கேட்டது வேகப் பந்து அல்ல

சென்ற ஆண்டு பள்ளியில் நாம் கூடியபோது, மதியச் சாப்பாட்டு வேளையில் உங்களில் ஒருவர் அந்தப் பழைய கதையை எடுத்தார். மாவட்ட இறுதி ஆட்டத்தில் கடைசிப் பந்தைக் கோட்டை விட்ட 'ஓட்டைக் கை'யின் கதை. பந்து எப்படி அவன் கையில் பட்டுத் தெறித்தது, எதிரணிப் பையன்கள் இருவர் எப்படி ஓடி வந்தார்கள், மாஸ்டர் எப்படி அவன் பிடரியில் அறைந்தார் என்று அவர் எழுந்து நின்று நடித்தும் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பாயசம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.

அந்தக் கதையை உங்களுக்குக் கொடுத்தவன் நான். அது பொய். பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். எழுத என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. பெயர்கள் வேண்டாம். யார் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசி. நாம் பத்தாம் வகுப்பு. புதிதாக வந்த பி.டி. மாஸ்டர் ஒரு சாக்கு மூட்டையைத் திறந்து, இரண்டு கட்டை, நான்கு தோல் கிளவுஸ், ஒரு கம்பி முகமூடி, ஒரே ஒரு பந்து ஆகியவற்றைத் தரையில் கொட்டி, "இது சாஃப்ட்பால்" என்றார். கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது. பெயரை நம்பி முதல் நாள் அதை வெறுங்கையால் பிடித்தவர்கள் மறுநாள் எழுதாமல் உட்கார்ந்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

பந்தை எறிகிறவன் கையை ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்பருகே கீழிருந்து விட வேண்டும். எனக்கு அது இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. தோள் தானாகச் சுழன்றது, மணிக்கட்டு தானாகச் சொடுக்கியது. பந்து போய்ச் சேர்கிற சத்தம் கேட்டு மாடி வகுப்புகளிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். மாஸ்டருக்கு வேகம் என்றால் உயிர். "ஸ்பீடுதான்டா ராஜா, மத்ததெல்லாம் பொம்பளைங்க விளையாட்டு" என்பார். அவர் கல்லூரியில் ஓட்டக்காரர். இந்த ஆட்டத்தை அவரும் புத்தகம் பார்த்துத்தான் கற்றார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

எறிகிறவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன் கேட்சர். என் வேகத்துக்கு எதிரே உட்கார பின்னால் 'ஓட்டைக் கை' என்று பெயர் வாங்கியவனைத் தவிர நம்மில் ஒருவனும் முன்வரவில்லை. அவன் வந்தான்.

தினமும் காலையில் பாலாற்று மணலில் பழகினோம். தண்ணீர் இல்லாத ஆறு. ஓரமாக ஓடிய ஒற்றை வாய்க்காலில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு பழுப்பும் பச்சையுமாய் வரும். அழுகிய முட்டையும் ஆவாரம்பட்டையும் கலந்த அந்த வாடை நமக்கெல்லாம் பழகிப்போன ஒன்று. வெளியூர் உறவினர்கள் மூக்கைப் பொத்தும்போதுதான் அது நினைவுக்கு வரும். நாற்பத்தாறு அடியைக் காலால் அளந்து, நான் நிற்க ஒரு கல்லை வைப்பான். பிறகு குந்துவான். நான் எறிவேன். ஐம்பது, அறுபது பந்து. கேட்சர் கிளவுஸின் உள்ளங்கைப் பஞ்சு எப்போதோ நசுங்கிப் போயிருந்தது. அவன் அதைப் பிரித்து, தோலைச் சீவும்போது விழும் மெல்லிய சுருள்களை உள்ளே திணித்து வைத்திருந்தான். பந்தின் தையல் விட்டால் அவன் அம்மா செருப்புத் தைக்கிற மெழுகு நூலால் இழுத்துத் தைத்துக் கொடுப்பார். ஒவ்வொரு தையலுக்கும் பந்தின் எடை கொஞ்சம் கூடியது. அதன் கனம் இன்றைக்கும் என் கைக்குத் தெரியும். அந்தப் பந்து எங்கே போயிற்று என்று மட்டும் தெரியவில்லை.

அவன் அப்பா சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். மயிர் நீங்குவதற்காகத் தோலை ஊறப்போடும் குழி. இருபது வருடம் அதில் நின்று கால் இரண்டும் வெந்து புண்ணாகி, நாம் பத்தாவது சேர்ந்த வருடம் வீட்டில் முடங்கிவிட்டார். அவர் இடத்துக்கு மகன் வரலாம் என்று தோல் ஷாப்பில் சொல்லியிருந்தார்கள். அவன் அம்மா பரீட்சை வரைக்கும் தவணை கேட்டிருந்தார். அவன் நைனாவின் காலுக்குத் துணி சுற்றிவிட்டுத்தான் ஆற்றுக்கு வருவான். ஒரு நாள் மணலில் உட்கார்ந்தபடி சொன்னான்: "குழிக்கு மட்டும் போவ மாட்டேன்டா. செத்தாலும் போவ மாட்டேன்."

அந்தக் குழியிலிருந்து அவனைத் தப்ப வைக்க ஒரு வழி இருந்தது. அது என் அப்பா.

அப்பா அதே தோல் ஷாப்பில் தரம் பிரிக்கும் மேஜையின் மேஸ்திரி. முடிந்த தோலை விரித்துப் பார்த்து, மடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தடவி, கனம் எவ்வளவு, எந்தத் தரம் என்று சொல்கிற வேலை. காற்றோட்டமான கூடம், காய்ந்த கை, எல்லோரும் மதிக்கிற இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கேட்சர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அப்பா கொண்டுவந்திருந்த துண்டுத் தோல்களைச் சும்மா தடவிப் பார்த்தான். "இது அதைவிடக் கம்மி" என்றான். அப்பா நிமிர்ந்தார். கனம் அளக்கும் கேஜ் வைத்து அளந்தார். சரியாக இருந்தது. அடுத்த துண்டு. அதுவும் சரி. பிறகு கண்ணைக் கட்டி ஏழெட்டுத் துண்டு கொடுத்தார்.

"இவன் விரல்ல கேஜ் வெச்சிக் கீது" என்றார் என் அம்மாவிடம். அவனிடம், "பரீட்சை முடிஞ்சதும் வா. மேஜைல உக்கார வெக்கிறேன். பொறுக்கி எடுக்கிற வேலைடா இது. விரல் மட்டும் பத்தாது, நிதானம் வோணும்" என்றார். அவன் அன்று சாப்பிடாமலே வீட்டுக்கு ஓடினான், தன் அம்மாவிடம் சொல்ல.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த விரல்களை நோக்கி எறிந்துகொண்டிருந்தேன்.

மெதுவான பந்தைக் கண்டுபிடித்தவன் அவன்தான். பந்தை விரல் நுனியில் பிடிக்காமல் உள்ளங்கைக்குள் ஆழப் புதைத்துப் பிடித்தால், கை அதே வேகத்தில் சுழன்றாலும் பந்து சோம்பலாகக் கிளம்பி, கட்டைக்கு முன்னால் தலை கவிழும். எனக்கு அது பிடிக்கவில்லை.

"சத்தமே வரலடா" என்றேன்.

"சத்தம் எதுக்கு உனுக்கு? நீ இன்னா பட்டாசா?"

"வேகமாப் போட்டா அடிக்க மாட்டானுங்க. அவ்ளோதான்."

"மொதல்ல அடிக்க மாட்டான். நாலு பாத்துட்டான்னா அவன் கை உன் பந்துக்கு பழகிடும். அப்புறம் கண்ணை மூடிக்கினு அடிப்பான். வேகப் பந்து எதுக்குன்னா, அதுக்குப் பயந்து அவன் கட்டையைச் சீக்கிரம் வுடணும். அப்ப மெதுவா ஒண்ணு வரணும். வேகம் பயம் காட்டுறதுக்குடா. அவுட் ஆக்கறது இது."

பதினைந்து வயதுப் பையன் சொன்னது. அந்த ஆட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் கேட்ட எதுவும் இதைத் தாண்டவில்லை.

சைகை வைத்துக்கொண்டோம். குந்தியிருக்கும்போது தொடைகளுக்கு நடுவில், மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் அவன் விரல் காட்டுவான். ஒரு விரல் என்றால் வேகம். இரண்டு விரல் என்றால் மெது. எனக்கு விருப்பம் இல்லையென்றால் தலையை இடவலமாக ஆட்டலாம், அவன் மாற்றிக் கேட்பான். சரியென்றால் மேலும் கீழும். உங்களுக்குக்கூட அந்தச் சைகைகளைச் சொல்லித் தரவில்லை. இதில் இன்னொன்றும் இருக்கிறது. வேகப் பந்துக்கு அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, கிளவுஸை மட்டும் நீட்டுவான். மெதுவான பந்து தரையில் குத்தி எகிறும் என்பதால் அதற்கு மட்டும் வெறும் வலது கையைக் கிளவுஸை ஒட்டி முன்னால் கொண்டுவருவான். என்ன பந்து வரப்போகிறது என்று தெரிந்திருந்தால்தான் அந்தக் கைக்குப் பாதுகாப்பு.

இறுதி ஆட்டம் வேலூரில். லாரியில் நின்றுகொண்டு போனோம். பள்ளிகொண்டா தாண்டும்போது மழை தூறியது. கேட்சர் பந்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். மாநில அணிக்கு ஆள் எடுக்க இருவர் வந்திருக்கிறார்கள் என்று மைதானத்தில் மாஸ்டர் என் காதில் சொன்னார். அதன் பிறகு நான் ஆடியது அந்த இருவருக்காக.

கடைசிக் கட்டம். நாம் ஒரு ஓட்டம் முன்னால். அவர்கள் பக்கம் இரண்டு பேர் அவுட். ஆனால் ஓட்டப் பாதையின் இரண்டாம் முனையிலும் மூன்றாம் முனையிலும் அவர்கள் ஆள் நிற்கிறான்; இருவரும் ஓடி வந்து சேர்ந்துவிட்டால் ஆட்டம் அவர்களுக்கு. கட்டையைப் பிடித்து நின்றவன் நெட்டைப் பையன், இரண்டு முறை வீசித் தவறியிருந்தான். இன்னொரு முறை தவறினால் கோப்பை நமக்கு.

கேட்சர் இரண்டு விரல் காட்டினான். நெட்டையன் என் வேகத்துக்குப் பழகி வருவதை அவன் பார்த்துவிட்டான். நான் தலையை இடவலமாக ஆட்டினேன். மறுபடி இரண்டு. மறுபடி ஆட்டினேன். மூன்றாவது முறையும் இரண்டு. அந்த இருவரும் வேலி ஓரம் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் சோம்பலாய் ஒரு பந்தை விட எனக்கு மனம் இல்லை. நடுவர் "சீக்கிரம்" என்றார். நான்காவது முறையும் இரண்டு விரல்.

நான் மேலும் கீழும் தலையசைத்தேன். சரி என்றேன். அவன் வலது கை முன்னால் வந்தது. அதையும் பார்த்தேன். பிறகு, என் வாழ்நாளில் எறிந்தவற்றிலேயே வேகமான பந்தை எறிந்தேன்.

நெட்டையன் வீசினான். கட்டை பந்துக்குப் பின்னால் போனது. அவன் தவறிவிட்டான். ஆனால் மூன்றாவது தவறலில் கேட்சர் பந்தைப் பிடித்தால்தான் அவுட். பந்து அவன் வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பின்னுக்கு மடக்கிவிட்டு வேலி வரை ஓடியது. அவன் அதன் பின்னால் தவழ்ந்தான். அந்தக் கையாலேயே எடுத்தான். எடுத்ததும் கையிலிருந்து விழுந்தது. இரண்டு பேர் ஓடி முடித்துவிட்டார்கள்.

அறை விழுந்த பிறகு மாஸ்டர் அவனிடம் கேட்டார்: "இன்னாடா கேட்ட அவன்கிட்ட?"

"ஸ்லோ சார்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நீங்கள் எல்லோரும் சுற்றி நின்றீர்கள்.

"ஃபாஸ்ட்தான் சார் கேட்டான்" என்றேன். "ஒரு விரல்."

அவன் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு என்னையே பார்த்தான். அழவில்லை. லாரியில் திரும்பும்போதுதான் யாரோ அவனை முதன்முதலாக 'ஓட்டைக் கை' என்றார்கள். அது நான் இல்லை. ஆனால் சிரித்தவர்களில் நானும் உண்டு.

அவன் அம்மாவுக்கு அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் துணையில்லை, நைனாவைத் தனியே விடவும் முடியவில்லை. அக்கம்பக்கம் சொன்னார்கள் என்று எலும்பு கட்டுகிறவர் ஒருவரிடம் போனார்கள். அவர் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். மூன்று வாரம் கழித்துப் பிரித்தபோது இரண்டு விரலும் கொக்கி போல நின்றன. நான் தினமும் அவன் வீட்டுப் பக்கம் போவேன், உள்ளே போக மாட்டேன். வாசலில் அவன் அம்மா என்னைப் பார்த்தால், "வாப்பா, அவனுக்கு நீதான் கொஞ்சம் தைரியம் சொல்லணும்" என்பார். அந்தச் சொல்லுக்குப் பயந்தே தெருவை மாற்றிக்கொண்டேன்.

பரீட்சை முடிந்தது. இடது கையால் எழுதிப் பழகி அவன் எழுதினான். பிறகு அம்மாவோடு தரம் பிரிக்கும் கூடத்துக்கு வந்தான். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் அங்கே இருந்தேன். அப்பா ஒரு தோலை நீட்டினார். அவன் இடது கையால் மடித்துத் தடவிக் கனம் சொன்னான். கேஜில் அது சரியாகவே இருந்தது.

"கை பரவால்ல மேஸ்திரி, இந்தக் கையிலயும் தெரியுது எனுக்கு" என்றான். "மூணு மாசம் டைம் குடுங்க. பேஜார் பண்ண மாட்டேன்."

அப்பா தோலைக் கீழே வைத்தார். "விரல் பத்தி நான் கேக்கலப்பா. விரல் பழகும். அன்னிக்கு நீயே ஒரு பந்து கேட்டுட்டு, கேட்டத மறந்துட்டு வேற பந்துக்குக் கைய வெச்சியாமே? இங்க ஒரு நாளைக்கு ஆயிரம் தோல் பாக்கணும். சொன்னத மறந்தா சரக்கு கப்பல்லருந்து திரும்பி வரும்."

"நான் ரெண்டுதான் காட்டினேன் மேஸ்திரி."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. எத்தினி விரல் காட்டினான்?"

அந்தக் கூடத்தில் பத்துப் பேர் தோலை விரித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெயும் சாயமும் கலந்த புதுத்தோல் வாசனை. அவன் அம்மா என் வாயைப் பார்த்தபடி நின்றார். அவர் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என்னை மாநில முகாமுக்கு எடுத்திருந்தார்கள், கடிதம் வந்து நான்கு நாள். உண்மையைச் சொன்னால் அது போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. போகாது. ஆனாலும் அப்படித்தான் தோன்றியது.

"ஒண்ணு" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை அவன் சுண்ணாம்புக் குழியில் இறங்கினான்.

முகாமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் என் வேகத்தைப் பார்த்துக் கை தட்டினார்கள். இரண்டாம் நாள் எல்லோரும் என் பந்தை அடித்தார்கள். வேறு பந்து இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. மூன்றாம் நாள் ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பிறகு கல்லூரி, வேலை, வேறு ஊர்கள். பாடம் நடத்தியே ஓய்வு பெற்றேன்.

நம் கூட்டம் முடிந்த வாரம் அவன் வீட்டைத் தேடிப் போனேன். என்னை உடனே அடையாளம் கண்டு, "வாடா" என்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். குழியில் முப்பத்தாறு வருடம். காலில் அவன் நைனாவுக்கு இருந்த அதே புண், அதே துணி. நான் எதற்கு வந்தேன் என்று சொல்லத் தொடங்கியதும் கையை ஆட்டித் தடுத்தான்.

"அத்த வுடுப்பா. நானும் எத்தினியோ தபா யோசிச்சிட்டேன். ரெண்டு காட்டணும்னு நெனச்சிக்கினு ஒண்ணு காட்டிட்டிருப்பேன். உங்கப்பா சொன்னது கரெக்ட்டு. எனுக்கு நிதானம் கம்மி." பிறகு சாதாரணமாகச் சொன்னான்: "நடுவுல என்னிய குழி மேஸ்திரி ஆவச் சொன்னாங்க. வாணாம்னுட்டேன். மருந்து அளந்து போடற வேலை. நாம ஒண்ணு நெனச்சிக்கினு ஒண்ணு பண்ற ஆளு. யாருக்கனா கை கால் போய்டுச்சின்னா?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. நாற்பது வருடமாக அவன் என்னை வெறுத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்திருந்தேன். அப்படி இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நீ ரெண்டுதான் காட்டினே" என்றேன். "நாலு தடவை காட்டினே. நான் சரின்னு தலையாட்டிட்டு வேகமாப் போட்டேன். தெரிஞ்சே போட்டேன். அப்பாகிட்ட பொய் சொன்னேன்."

அவன் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். "இங்க வா. இவன் இன்னா சொல்றான்னு கேளு. திரும்பச் சொல்லுடா."

சொன்னேன். அந்த அம்மாள் ஈரக் கையோடு நின்று கேட்டார். "இத்தினி வருஷம் எங்க சார் இருந்தீங்க?" என்றார்.

மகனைக் கூப்பிட்டான். மறுபடி சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரை, அவனோடு குழியில் நின்ற ஒரு பெரியவரை, ஒவ்வொருவராக வரச் சொன்னான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வைத்தான். நான் சுருக்கினால், "தலையாட்டினத சொல்லு" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. அவனுக்கு மூச்சு வாங்கியது. மன்னிப்பு என்ற சொல்லை நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

"மாஸ்டர் கீறாரா?"

"போய்ட்டார்."

"உங்கப்பா?"

"அவரும்தான்."

அவன் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். சாகும்வரை அவர் யாரிடமும் மகனுக்காகப் பரிந்து பேசியதில்லையாம். என் பேச்சை அவர் நம்பிவிட்டார். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்தான்.

"நம்ம கிளாஸ் பசங்க இருக்கானுங்க இல்ல? அவனுங்களுக்குச் சொல்லு. எழுதிச் சொல்லு. வாயால சொன்னா சிரிச்சிட்டுப் போய்டுவானுங்க."

எழுதிவிட்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது, ஒருவராவது, ஆம்பூருக்குப் போனால் அவன் வீட்டில் ஏறி, படித்தேன் என்று அவனிடம் சொல்லுங்கள். மலர் எப்போது வரும் என்று கேட்டு வைத்திருக்கிறான். யார் வருகிறார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.